பெட்டி என்னை நோயாளியாக்கிய வரலாறு

அன்பும் அறிவும், அவை இரண்டையும்விட அதிகமாக அவசரமும் வாய்த்த என் தங்கை மகனுக்கு, ஒரு காலத்தில் இந்த நகரத்தின் பாதி ஜனத்தொகையை மேலே தூக்கிக் கீழே இறக்கியவனும், லிஃப்ட் மெக்கானிக்குகளின் மாமன்னனும், தற்சமயம் சொந்தச் சமையலறைக்குள் நுழைய அனுமதி இல்லாதவனுமாகிய உன் மாமன் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டிலுள்ளோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தை நீ விசாரிக்க வேண்டியதில்லை. அதை விசாரிக்கத்தான் ஒரு பெட்டி இருக்கிறதே.

போன மாதம் உன் அத்தைக்குச் சிறுநீரில் தொற்று வந்து, ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்த ஞாபகம் ஒரேயடியாகச் சரிந்து, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ போட்டது போட்டபடி ஓடி வந்தாய். அந்த நன்றி என் எலும்பு சாம்பலாகும்வரை இருக்கும். ஆனால் வீடு திரும்பும் நாளில் அந்த நர்ஸம்மா, மறதிநோய்க்காரர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒத்தாசை என்று ஒரு வெள்ளைப் பெட்டியை நீட்டினார் பார், அப்போது உன் முகத்தில் வந்த வெளிச்சத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன். உள்ளே செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, தினமும் காலையில் பேசும், நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்கும், யோசனை சொல்லும், தேவையான சாமான்களை ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைக்கும் என்றார்கள். நீயும் அதைச் சமையலறை அலமாரியில் குடியேற்றி, "மாமா, இனிமே நீங்க தனியா இல்ல" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தாய். வாஸ்தவம். அன்றிலிருந்து என்னை யாரும் தனியாக விட்டதே இல்லை.

நீ தெருமுனை தாண்டியிருக்க மாட்டாய், பெட்டி வாயைத் திறந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் இப்போது பேசலாம், குரலைப் பதிவு செய்துகொள்கிறேன் என்றது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. நான் பாலைக் காப்பாற்றப் போனேன், ராஜ்யத்தைப் பறிகொடுத்தேன். உன் அத்தை ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸாக இருந்தவள் என்பது உனக்குத் தெரியும். அவள் காலடிச் சத்தம் கேட்டால் கோமாவில் கிடந்தவன்கூட எழுந்து தலையணையைச் சரிசெய்வான் என்பது உனக்குத் தெரியாது. யாரோ புது டாக்டர் வார்டு நிலவரம் கேட்கிறாள் என்று எண்ணி, புடவையை நீவி விட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று, "நான்தான் டியூட்டியில இருக்கேன், கேளுங்க டாக்டர்" என்றாள். பெட்டி கேட்டது. பேஷண்ட் ராத்திரி பூரா தூங்கல, ரூம் ரூமா நடக்கறார், சாவியை ஒளிச்சு வைக்கறார், சரியாச் சாப்பிடல, ஒண்ணு கேட்டா எரிஞ்சு விழறார் என்று மடமடவென்று ஒப்பித்தாள். நான் கையில் பால் பாத்திரத்தோடு நின்று கேட்டேன். மருமகனே, அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவள் இரவில் எழுந்து நடக்கிறாள் என்று பின்னாலேயே நடப்பவன் நான். அவள் வாசலைத் திறந்து போய்விடுவாளே என்று சாவியை ஒளிப்பவன் நான். அத்தனையும் கண்டிருக்கிறாள், ஆளைத்தான் மாற்றிவிட்டாள்.

அப்போதே பெட்டியின் குரல்வளையைப் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். பல மாதமாக ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவழியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கிறவள், அன்று ஒன்றன்பின் ஒன்றாக முழு வாக்கியமாகப் பேசினாள். பாத்திரத்தை வைத்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும், பொழுது போகும் என்று நினைத்தேன். ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் குத்துதே குடையுதே என்று யாரிடம் சொல்வது?

மறுநாளே என் சவரக்கத்தி காணாமல் போனது. நோயாளிக்கு எட்டும் இடத்தில் கூரான பொருள் கூடாதாம். அடுத்து அடுப்பின் திருகுகள் கழன்றன. அதற்கடுத்து என் போன். நோயாளி போனில் பேசினால் பதற்றம் கூடும் என்று பெட்டி அபிப்பிராயப்பட்டதாம், எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். என் தாடி இப்போது முழங்காலைத் தொடுகிறது. மாத்திரை விஷயம் அதைவிடக் கேவலம். வேளை தவறாமல் பெட்டி நினைவூட்ட, அவள் தன்னுடைய மாத்திரைகளை எனக்குப் போட வருகிறாள், போட்டதும் நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறாள். நான் வித்தைக்காரன் மாதிரி அதை உள்ளங்கைக்குக் கடத்தி, பிறகு, "சிஸ்டர், பெரிய டாக்டர் ஸ்டாஃப் எல்லாருக்கும் சத்து மாத்திரை கொடுத்திருக்கார்" என்று அவளிடமே நீட்டுகிறேன். சிஸ்டர் என்று கூப்பிட்டால்தான் வாங்குவாள். என் சொந்தப் பெண்டாட்டியை.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து பார்சல் வந்தது. வழுக்காத காலுறை, சிந்தாத மூடி போட்ட குவளை, அப்புறம் ஒரு கைப்பட்டை: "எனக்கு மறதி உண்டு. தயவுசெய்து வீட்டுக்கு அழைத்துச் செல்லவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, விலாசத்தோடு. அதை என் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். ஒரு தடவை பூட்டினால் கழற்ற முடியாத பூட்டு. அறுபது மாடிக் கட்டடத்தில் நடுவழியில் நின்ற லிஃப்டை ஒற்றை ஸ்குரூ டிரைவரால் நகர்த்திய இந்தக் கையால் அந்தப் பிளாஸ்டிக்கைத் திறக்க முடியவில்லை. அந்தக் கோலத்தில் அவள் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். என்னைப் பல வருஷமாகத் தெரிந்த கடைக்காரர் பட்டையைப் படித்தார், உதட்டைக் கடித்தார், காது கேளாதவனிடம் பேசுவது போல ஒவ்வொரு வார்த்தையாக, "ஐயா, நம்ம வீட்டுக்குப் போலாமா?" என்றார். இந்த மருந்து என் மனைவிக்கு என்றேன். "ஆமா ஆமா, அவங்களுக்குத்தான்" என்றார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, தெரு முழுக்கப் பார்க்க என் கையைப் பிடித்து அழைத்துவந்து, மாத்திரையை அவளிடம் ஒப்படைத்தார். அவள், "வார்டை விட்டு எப்படித் தப்பிச்சார்னே தெரியல, ரொம்ப தேங்க்ஸ்" என்று வாங்கி வைத்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் மூடும் சத்தம் இடி போலக் கேட்டது.

அன்று பெட்டியோடு நேருக்கு நேர் யுத்தத்தில் இறங்கினேன். நோயாளி அவள், நான் புருஷன், நான்தான் பார்த்துக்கொள்பவன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். பெட்டி வெண்ணெய் போலக் குழைந்து, உங்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான், நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள், உங்களைப் பார்த்துக்கொள்பவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்றது. நான் கத்தினேன். எரிச்சல் அதிகரிக்கிறது என்று குறித்துக்கொண்டது. நான் அடங்கி, மெதுவாகப் பேசினேன். திடீர்ச் சோர்வு என்று குறித்துக்கொண்டது. மருமகனே, பைத்தியம் இல்லை என்று நிரூபிக்கப் பைத்தியத்தால்தான் முடியும் போலிருக்கிறது.

இதெல்லாம் கூத்து. சிரித்துவிட்டுப் போகலாம். நேற்று நடந்ததற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அவள் பெட்டியிடம் குரலைத் தாழ்த்தி, "டாக்டர், இந்தப் பேஷண்டுக்குச் சொந்தம்னு யாருமே இல்லையா? எத்தனை நாளா இருக்கார், ஒருத்தர்கூட வந்து பாக்கலயே. அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்களேன், பாவம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டே, என் வீட்டுக்காரர் இன்னும் வரலையா என்று கேட்டாள். காய்ச்சல் வேகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது காய்ச்சலும் இல்லை, சமாதானமும் இல்லை. மூத்திரத் துணி துவைக்கலாம், ராவெல்லாம் முழிச்சுக் கிடக்கலாம், நாக்கைத் தூக்கிக் காட்டலாம், எல்லாம் செய்யலாம்டா. யாரோ ஒரு அநாதைக் கிழவனா நின்னுக்கிட்டு எதுக்காகச் செய்யணும்? நான் பார்த்துக்கொண்டாலும் ஒன்றுதான், ஊர் பேர் தெரியாத ஆயா பார்த்துக்கொண்டாலும் ஒன்றுதான், அவளுக்கு. ஆகவே ஆஸ்பத்திரியில் வைத்து நீ சொன்னபடி, தோட்டம் வைத்த அந்த முதியோர் இல்லத்தில் அவளைச் சேர்க்க நான் சம்மதிக்கிறேன். சனிக்கிழமை வா. அவளையும் கூட்டிப் போ, பெட்டியையும் கொண்டு போ. இந்தப் பட்டையை அறுக்க ஒரு வெட்டுக்கத்தியும் கொண்டு வா. கோட்டை விழுந்துவிட்டது, மருமகனே, கொடியை இறக்கிவிட்டேன்.

நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டும், உன் பிள்ளைகள் உன்னைப் போல அவசரக்குடுக்கையாக இல்லாமல் இருக்க வேண்டும், உன் மனைவி பேச்சை நீ கேட்டு நூறாண்டு வாழ வேண்டும் என்று இந்தத் தோற்றுப்போன சக்கரவர்த்தி வாழ்த்துகிறான். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். விவரத்தைச் சொல்லாதே, அழுவாள்.

இப்படிக்கு,
உன் மாமன்

பின்குறிப்பு: மேலே எழுதிய யாவும் ரத்து. சனிக்கிழமை வராதே.

உறையை ஒட்டுமுன், பெட்டி அனுப்பிய குறிப்புகளைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு நர்ஸம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். உன் அத்தை வாசலிலேயே நிறுத்தி நிலவரத்தை ஒப்பித்த கம்பீரத்தில் அவரும் மயங்கி, என்னை உட்காரவைத்து இன்று என்ன கிழமை என்று கேட்டார். தூக்கமில்லாத மண்டைக்கு வெகுநேரம் வரவில்லை. அப்புறம் உண்மையைக் கொட்டினேன். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "ஆள்தான் மாறிப்போச்சு ஐயா. அவங்க சொன்னதுல வேற தப்பு ஒண்ணும் இல்ல. உங்களையும் யாராவது பார்த்துக்கணும்" என்றார். பதிவேட்டைத் திருத்திவிட்டார். மாத்திரை போட நாளையிலிருந்து ஆள் வரும், அந்நேரம் நான் தூங்க வேண்டுமாம். பட்டையையும் கழற்றிவிட்டார். பெட்டியிலும் அவள் குரலுக்குப் பதில் உங்கள் குரலைப் பதிந்துவிடவா என்று கேட்டபோது அவசரமாகக் குறுக்கே விழுந்து, காலையில் அவளிடமே நலம் விசாரிக்கட்டும், அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

காரணம், அதற்குச் சற்று முன் நர்ஸம்மா உள்ளே கை கழுவப் போனபோது உன் அத்தை பெட்டியிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். பேஷண்ட் என்னைப் பொண்டாட்டி பொண்டாட்டிங்கறாரே, என்ன சொல்றது என்று. மறுத்துப் பேசாதீர்கள், அவர் நினைப்பதோடு ஒத்துப்போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றது அது. டாக்டர் சொல்லைத் தட்டியவள் இல்லை அவள். வந்தாள், உட்கார்ந்தாள், முதலில் நாடி பார்த்தாள், பிறகு கையை விடாமல் வைத்துக்கொண்டாள். "ஆமாங்க. நான் உங்க பொண்டாட்டிதான். எங்கயும் போகல" என்றாள்.

எனக்காகப் பொய் சொல்கிறோம் என்று அவளுக்கு நினைப்பு. அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நர்ஸம்மா போன பிறகு, ஒன்றும் தெரியாதவன் போல, நீங்க யாரும்மா என்று கேட்டுப் பார்த்தேன். அலுத்துக்கொள்ளாமல் திரும்பவும் சொன்னாள். இப்போது துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். இதை ஒட்டிவிட்டுப் போய் மறுபடியும் கேட்கப்போகிறேன்.