சரிபார்க்கப்பட்ட விரிசல்

செய்தி என்ற பண்டம் உலகில் புழக்கத்துக்கு வந்த நாள்முதல் அதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது: அது எங்காவது நடந்து தொலைக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையைப் போக்கிய பெருமை எங்கள் இணைய நாளிதழையே சேரும். நான் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கொள்முதலே இல்லாமல் விற்பனை மட்டும் நடக்கும் கடையை என் பரம்பரையில் யாரும் பார்த்ததில்லை. நான் பார்த்தேன், உடனே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். 'உண்மை சரிபார்ப்புப் பிரிவு' என்னுடையது. தலைவரும் நானே, உறுப்பினரும் நானே.

அந்தக் காலத்து நிருபர்கள் பாவம். வெயிலில் அலைந்து நாலு பேரிடம் கேட்பார்கள். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்ல, தலைவலியோடு திரும்புவார்கள். எங்கள் ஆசிரியர் அந்தக் கொடுமைக்கு ஒரே உத்தரவில் முடிவு கட்டினார்.

"வெளிய போய்ப் பாக்குறவன் பாத்ததையே நம்ப ஆரம்பிச்சிடுவான்யா. அப்புறம் நடுநிலை எங்க இருக்கும்?"

அன்றே சன்னல்களை அடைத்துப் பெரிய திரைகளை மாட்டினோம். எதை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று அவற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காக, நாங்கள் கண்டதையெல்லாம் போடுகிறவர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இரண்டு ஆதாரம் இல்லாமல் ஒரு வரி நகராது.

ஒரு திங்கட்கிழமை காலை, 'ஊமைக்குயில்' என்ற முகம் தெரியாத கணக்கிலிருந்து ஒரு படம் வந்தது. மஞ்சள் சுவர், அதன் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு, கீழே முகவரி, 'எப்ப விழுமோ!' என்று ஒரு கவலை. 'கட்டடத்தில் விரிசல்: அச்சத்தில் மக்கள்' என்று போட்டோம். டீ ஆறுவதற்குள் போட்டி இணையதளம் எங்களை மேற்கோள் காட்டி அதையே போட்டது. நான் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். எங்கள் எழுத்துப் பிழைகள்கூட அங்கே அப்படியே இருந்தன. இரட்டைப் பிள்ளைகளிடம்கூட அப்படியொரு ஒற்றுமையை நான் கண்டதில்லை. 'சரிபார்க்கப்பட்டது' முத்திரையைக் குத்தினேன்.

மதியம் என் மாமனார் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். எங்கள் அலுவலகத்துக்கு நேர் எதிரே பாத்திரக்கடை வைத்திருப்பவர். 'விரிசல் விட்ட' கட்டடம் அவருடையதுதான்.

"மாப்ளே, காலைலேர்ந்து ஒரு ஈ காக்கா கடைக்குள்ள வரல. மாடில குடியிருந்தவங்க மூட்டை கட்டிட்டாங்க. என்னங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"நான் எழுதல மாமா. சரிபார்த்தேன்."

"எதை வச்சு?"

"ரெண்டு ஆதாரம் இருக்கு மாமா."

"அது கேபிள் ஒயருங்க! சுவத்துல தொங்குது. நேத்து டிபன் பாக்ஸ் வாங்க வந்தப்ப உங்க கழுத்துலயே மாட்டிச்சே!"

மாட்டியது உண்மைதான். ஆனால் அது அலுவலக நேரம் அல்ல.

அவரை ஆசிரியரிடம் அழைத்துப் போனேன். ஆசிரியர் மரியாதையாக உட்கார வைத்து விசாரித்தார்.

"நீங்க யாரு?"

"கட்டடத்துக்குச் சொந்தக்காரன்."

"அப்ப நீங்க சம்பந்தப்பட்டவரு. உங்க பேச்சு ஆதாரம் ஆகாது."

"இதோ, எங்க மாப்ள பாத்திருக்காரே!"

"மாப்பிள்ளையா? அது இன்னும் மோசம்."

"சரிங்க, நீங்களே வாங்க. ரோட்டத் தாண்டினா கடை. தொட்டுப் பாருங்க."

லஞ்சம் நீட்டியவரைப் பார்ப்பதுபோல் ஆசிரியர் அவரைப் பார்த்தார். "பெரியவரே, நான் வந்து பாத்தா அது என் சொந்தக் கருத்தாயிடும். ஒரு வீடியோ போடுங்க. வைரலாச்சுன்னா நாங்க எடுத்துக்கறோம்."

மாமனார் வீடியோ போட்டார். சுவரைத் தட்டினார், உதைத்தார், ஒயரைப் பிடித்து ஆட்டினார். விரிசல் ஆடியது. அந்த அதிசயத்தைப் பார்த்தவர்கள் என் மனைவியும் மச்சானும் மட்டும். மச்சான் கட்டைவிரல் பொம்மையை அழுத்தப்போய்க் கைதவறி அழுகிற பொம்மையை அழுத்திவிட்டான். 'உரிமையாளர் குடும்பத்தினர் கண்ணீர்' என்று போட்டி இணையதளம் போட்டது. நாங்கள் அதை மேற்கோள் காட்டினோம். முத்திரையும் குத்தினேன்.

அந்த வாரக் கடைசியில் 'ஊடகச் செய்திகளின் அடிப்படையில்' கட்டடத்தை இடிக்க உத்தரவு வந்தது. 'விரிசல்: அதிகாரிகள் உறுதி' என்று போட்டோம். எங்கள் சரித்திரத்திலேயே மூன்று ஆதாரம் கிடைத்த முதல் செய்தி அதுதான். மாமனார் அதிகாரியிடம் ஓடினார்.

"ஐயா, ஒரு தடவ வந்து பாத்துட்டு இடிங்க."

"அதான் எல்லாத்துலயும் வந்துடுச்சே. நான் வேற எதுக்குப் பாக்கணும்?"

இடிக்கும் இயந்திரம் காலையில் ஆரம்பித்தது. பொழுது சாயும்வரை அந்தச் சுவர் அசைந்து கொடுக்கவில்லை. மாமனார் எனக்குப் போன் போட்டு, அதை இயந்திர ஓட்டுநரிடம் கொடுத்தார். "இவ்வளவு கெட்டியான சுவத்த நான் இடிச்சதே இல்லண்ணே. எவன் சொன்னான் விரிசல்னு?" என்றார் அவர். ஆசிரியரிடம் சொன்னேன்.

"கிட்ட நின்னு பாத்தவன் பேச்சு. விடுங்க."

இருட்டியபின் ஒருவழியாகச் சுவர் விழுந்ததும், 'எங்கள் செய்தி எதிரொலி: ஆபத்தான கட்டடம் அகற்றம்' என்று பெருமிதத்தோடு வெளியிட்டோம்.

மறுநாள் மாமனார் கையில் ஒரு துணிப்பையோடு ஆசிரியரைப் பார்க்க வந்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

"கட்டடம் போனது போகட்டும் சார். வேற இடத்துல கடை கேட்டுப் போனா, 'நீங்கதானே அந்த விரிசல்காரரு'ன்னு கதவச் சாத்துறாங்க. சுவரு நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரே ஒரு வரி போடுங்க. நான் பொழச்சுக்குவேன்."

"தாராளமா!" ஆசிரியர் உருகிவிட்டார். "அந்தச் சுவத்த மட்டும் கொண்டாந்து காட்டுங்க. உடனே திருத்தம் போட்டுடலாம்."

மாமனார் பையைத் திறந்தார். மஞ்சள் பூச்சு மாறாத ஒரு பெரிய சுவர்த் துண்டை இரு கைகளாலும் தூக்கி என் மேசைமேல் வைத்தார்.

"மாப்ளே, நீங்கதானே இங்க சரிபாக்குறவரு? பாருங்க."

அலுவலகத்தில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அந்தத் துண்டில் விரிசல் இருந்ததா என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நான் பொறுப்புள்ள பத்திரிகையாளன். முழு நடுநிலையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.