நின்ன பெருமாளும் ஒரு ஸ்டூலும்

உட்காரச் சொன்னால் கோபம் வருகிற மனிதர் சென்னை மாநகரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். தி.நகரில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை விற்பவர். தூத்துக்குடிப் பக்கம். நாங்கள் வைத்த பெயர் நின்ன பெருமாள்.

நின்றபடியே ஷேவ் செய்யச் சொல்லி மாம்பலத்தில் மூன்று சலூன்காரர்களைப் பகைத்துக்கொண்டார். வேலை முடிந்து அடையாறு பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் சீட் காலியாக இருக்கும். "நீ உக்காருலே" என்று என்னைத் தள்ளிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரையே முறைப்பார். ஆறு வருஷம் அந்த சீட்டில் வந்தேன். என் மேல் அவ்வளவு பிரியம் என்று நம்பினேன்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஸ்டூல்கள் வந்தன, வந்த வேகத்தில் பரணுக்குப் போயின. அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் மேனேஜர் தூசி தட்டி இறக்கினார்.

"அண்ணாச்சி, நாளைக்கு ஒரு நாள் உக்காருங்க. இல்லன்னா வேலைக்கே வராதீங்க."

"நிக்கதுக்குத்தானய்யா சம்பளம் தாரிய. உக்காரதுக்கு எதுக்கு மிரட்டுதிய?"

மறுநாள் உட்கார்ந்தார். அதிகாரி வந்ததும் மரியாதைக்கு எழுந்தார். எழுந்தவர் அப்படியே பட்டுக் குவியலில் சாய்ந்தார். ஓடிவந்த மேனேஜர் முதலில் பார்த்தது சேலை கசங்கிவிட்டதா என்று. அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"எந்திரிச்சாலே கிர்ருனு சுத்துதும்மா. எட்டு வருஷமா. வெளிய சொன்னா வேலை போயிரும். அதான் உக்காரதையே விட்டுட்டேன்."

அவர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார். "எழுந்ததும் இறங்கிடுது. காது, சுகர், ரத்தம் எல்லாம் பாத்துடலாம். பிரஷர் மாத்திரையும் காரணமா இருக்கலாம். தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"காலைல ஒரு டம்ளர். வீட்டுக்குப் போயி ஒரு டம்ளர்."

"ஏன்?"

"கக்கூஸ் ஆறாவது மாடில கெடக்கு. லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் "தண்ணி குடிக்கியளா" என்று பாட்டில் நீட்டுகிற மனிதர் இவர். மறுநாள் மேனேஜரின் மேஜை முன் நின்று கத்தினேன்.

"அடுத்த தடவை ஆபீசர் வந்தா, ஆறாவது மாடிக்குப் படியிலயே கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன் சார்."

அன்று சாயங்காலமே லிஃப்ட் எங்களுக்கும் திறந்தது.

டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தார், இவர் தண்ணீரைக் கூட்டினார். தலைசுற்றல் பெரும்பாலும் அடங்கியது. அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறியதும் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஜன்னல் சீட்டைப் பிடிக்க ஆரம்பித்தார். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம் எனக்குக் காய்ச்சல். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி காலை நாலு தரம் ஆட்டிவிட்டு, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"உக்காருலே."

இத்தனை வருஷத்தில் அவர் எனக்காக எழுந்து கொடுத்த முதல் சீட் அது.