மாவுக்குப் பாட்டுப் போட்ட லேபிள் அண்ணை

அச்சில் வந்ததெல்லாம் சத்தியம் என்று நம்பும் மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் மிச்சம். அவரும் மெல்பர்னில், கிளென் வேவர்லியில், என் வீட்டுக்கு அடுத்த யூனிட்டில் இருக்கிறார். பெயர் ஏதோ உண்டு. எங்கள் தெருவுக்கு அவர் லேபிள் அண்ணை.

யாழ்ப்பாணத்துக்காரர். மதுக்கடையில் வேலை. ஒரு சொட்டு குடித்ததில்லை, ஆனால் அங்கே இருக்கிற அத்தனை பாட்டிலின் லேபிளும் மனப்பாடம். பீர் வாங்க வருகிறவனை நிறுத்தி, அது எந்த மலையூற்றுத் தண்ணீர் என்று ஒப்பித்துவிட்டுத்தான் பில் போடுவார். ஷாம்பு பாட்டிலில் 'மறுபடியும் செய்யவும்' என்று போட்டிருந்ததால் ஒரே காலையில் இரண்டாம் தரமும் தலைக்குக் குளித்து, சளி பிடித்துப் படுத்தவர்.

"அதெல்லாம் விளம்பரம் அண்ணா" என்றேன்.

"அச்சடிச்சவன் பொய் சொல்லுவானே, பிள்ளை?" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அந்த வீட்டில் லேபிளே இல்லாமல் நன்றாக வந்த ஒரே சாமான் அவர் மனைவியின் தோசை மாவு. அந்த அக்கா இறந்து முதல் திவசம் ஆடி மாதம் வந்தது. ஊரில் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மெல்பர்னில் ஆடி நடுக்குளிர்காலம், அம்மி என்ன, மாவுகூட அசையாது. அண்ணை கரைத்து வைத்த மாவு சுண்ணாம்பு மாதிரி அப்படியே கிடந்தது. வேறு வழியில்லாமல் கடைத் தோசை வாங்கிப் படைத்தார். வேலியில் வந்து உட்கார்ந்த காகம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துவிட்டது. மனிதர் இடிந்துபோனார்.

"கோவிச்சுக்கொண்டு போட்டா, பிள்ளை. கடைத் தோசையை அவ உயிரோட இருக்கேக்கையே தொடமாட்டா. அடுத்த முறையும் மா பொங்காட்டி, இனி வரவேமாட்டா."

இந்த வருஷத் திவசத்துக்கு முன்னால், ஒரு காலை. நடுச்சுவர் அதிரும்படி டிரம்பெட் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், துணி துவைக்கிற லாண்டரி அறையில் மாவுச்சட்டி. அதன் எதிரே பாட்டுப் போட்டபடி அவருடைய போன். பக்கத்தில் ஒரு தெக்கீலா பாட்டில், அதன் மேல் எலும்புக்கூடுகள் தொப்பி போட்டுக்கொண்டு கிட்டார் வாசிக்கின்றன.

"என்ன அண்ணா, குடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சீச்சீ. லிமிடெட் எடிஷன். லேபிளை வாசியுங்கோ." நான் வாசிக்குமுன் அவரே ஒப்பித்தார். மெக்சிகோவில் இறந்தவர்களுக்கு ஒரு திருநாளாம், நம்ம மகாளய அமாவாசை மாதிரி. அன்றைக்கு வாசிக்கிற பாட்டைப் பீப்பாய்களுக்கு வருஷக்கணக்கில் போட்டு, அதைக் கேட்டு ஊறிய சரக்காம் இது. அந்தப் பாட்டைக் கேட்டால் போனவர்கள் வீடு தேடி வருவார்களாம்.

"பாட்டுக் கேட்டுத் தெக்கீலா பழுக்கும் எண்டா, மா புளிக்காதே?"

மெக்சிகோப் பாட்டுக்கு மாவு மசியவில்லை. மறுநாள் புது மாவு, நாதஸ்வரம். அதற்கடுத்த நாள் வீணை. எதற்கும் ஒரு குமிழிகூட இல்லை. திவசத்துக்கு முதல்நாள் காலை லாண்டரியில் கதிரை போட்டு, கடைசிச் சட்டி மாவின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அக்கா மாவு கரைச்சிட்டு என்ன பாட்டு கேப்பாங்க?" என்றேன், சும்மா ஆறுதலுக்கு.

சட்டென்று நிமிர்ந்தார். "அவ எங்க பாட்டுக் கேட்டவ? சட்டியைப் பக்கத்தில வச்சுக்கொண்டு, போனில ஊர்வம்பெல்லோ கதைப்பா! பிள்ளை, இருங்கோ. கதையுங்கோ."

"எதை அண்ணா?"

"ஆரையாவது பற்றி."

குளிர் தாங்காமல் என் வீட்டு ஹீட்டரைத் தூக்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினேன். பிள்ளையை நல்ல ஸ்கூல் ஸோனில் சேர்க்க மாமியார் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டு, அந்த மாமியாரிடமே மாட்டிக்கொண்டவர் கதை. கோயில் பொங்கலில் முந்திரி குறைந்ததற்காகப் பேச்சை நிறுத்திய சம்பந்திகள் கதை. முதலில் "ஐயோ, பாவமெல்லோ" என்றவர், மத்தியானத்துக்குள், "அது உங்களுக்குத் தெரியாது, நடந்தது என்னெண்டா" என்று என்னையே மிஞ்சிவிட்டார். அக்கா போனதற்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொழுது சாயும்போது சட்டியின் மூடி தானாகத் தூக்கிக்கொண்டது. மாவு வழிந்து எலும்புக்கூடுகளின் காலடிவரை வந்திருந்தது. கதவடைத்த சின்ன அறை, பகல் முழுக்க ஹீட்டர். பொங்காமல் என்ன செய்யும்? அவர் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். ஹீட்டரைப் பற்றி அச்சில் ஒன்றும் இல்லையே.

மறுநாள் தோசை வார்த்து, படைத்து, வேலியோரம் வைத்தார். காகம் வரவில்லை. வந்தது ஒரு மேக்பை, இந்த ஊர்ப் பறவை, கறுப்பும் வெள்ளையுமாக, கொழுகொழுவென்று. நேராக நடந்து வந்து தோசையைக் கொத்தியது.

"இது காகம் இல்லையே அண்ணா" என்றேன் மெதுவாக.

"அவ சிட்டிசன்ஷிப் எடுத்தவ, பிள்ளை. இனி இந்த ஊர்க் குருவியாத்தானே வருவா" என்றார் லேபிள் அண்ணை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. மேக்பை இரண்டாவது தோசைக்கும் வந்தது.

தெக்கீலா இன்னும் திறக்கப்படாமல் அக்கா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சனிக்கிழமை மாவரைத்ததும் நான் நடுச்சுவரைத் தட்டுவேன். "வாறன் பிள்ளை" என்று குரல் வரும். என் ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனாலும் அவர் வந்து உட்கார்ந்து கதைக்காமல் என் வீட்டு மாவு பொங்குவதில்லை.