காலாவதி உண்டோ?

தென்காசியில் எந்தப் பெரிய மளிகைக் கடைக்குள் போனாலும் என் கால்கள் நேராகப் பின்பக்கம்தான் போகும். அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒரு கூடை கிடக்கும். தேதி முடியப்போகும் சாமான்களை அதில் போட்டு, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் கஞ்சத்தனத்தால்தான் அங்கே போகிறேன் என்று எங்கள் தெருவே நம்புகிறது. (பாதி உண்மை.) மீதிப் பாதி ஆவல்.

பாக்கெட்டில் ஒரு தேதி அச்சடித்திருக்கிறதே, அன்றைக்கு உள்ளே என்னதான் நடக்கும்? நேற்று வரை நல்ல பிள்ளையாக இருந்த பிஸ்கட் இன்றைக்கு எப்படித் திடீரென்று கெட்டுப்போகும்? கல்லூரியில் வேதியியல்தான் படித்தேன். அங்கே யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. அதனால் தேதி முடிந்த கடலை மிட்டாய் பாக்கெட் ஒன்றை அலமாரியில் ஒளித்துவைத்து, தினம் ஒன்றாகத் தின்று பார்த்தேன். மிட்டாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பல்வலி வந்தது.

குற்றாலம் சீசனில் இந்தக் கூடைக்கு நல்ல யோகம். சாரல் தொடங்கியதும் வெளியூர்க் கூட்டத்தை நம்பிக் கடைக்காரர்கள் கேக்கும் பிஸ்கட்டுமாக வாங்கிக் குவிப்பார்கள். வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்டால் கூட்டம் திரும்பிப் போய்விடும். தண்ணீரே விழாவிட்டால் கூட்டம் வரவே வராது. எது நடந்தாலும் சரக்கு தேங்கிக் கூடைக்கு வந்துவிடும். அருவியில் தண்ணீர் எப்படி என்று கூடையைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

அப்படி ஓர் ஆனி மாதக் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது என்று அம்மாவுக்கு ஒரே பதற்றம். எனக்கு இருபத்தேழு வயது. என் மேலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று சொந்தக்காரர்கள் யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

மாப்பிள்ளை பிரதீப்புக்குக் கேரளத்துப் புனலூர். புளியறை தாண்டி மலை இறங்கினால் வந்துவிடும். குடும்பமாக மருந்துக்கடை வைத்திருந்தார்கள். அப்பா தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனலூர்; அம்மா கொட்டாரக்கரைப் பக்கம். அந்த அம்மா தமிழ் பேசுவார், மலையாளத்தில். பிரதீப் மட்டும் திருநெல்வேலியில் கல்லூரி படித்தவர் என்பதால் எங்களைப் போலவே பேசுவார். இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு நாங்கள் சில வாரங்களாகப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். என் கடலை மிட்டாய் ஆராய்ச்சியைக் கேட்டு உலகமே சிரித்தபோது, "சரி, கடைசி மிட்டாய் என்ன ருசில இருந்துச்சு?" என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போனது. இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டுமே என்று விநாயகருக்கு நான் தனியாக லஞ்சம் பேசி வைத்திருந்தேன்.

விருந்துச் சாமான் வாங்கும் வேலையை அம்மா என்னிடம் விட்டாள். (அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு என்று இன்றும் சொல்கிறாள்.) கூடையில் சேமியா, பாதாம் பவுடர், முந்திரி கேக், டப்பாவில் அடைத்த பால் என்று விருந்துக்கு வேண்டியதெல்லாம் வரிசையாகக் கிடந்தது. தேதி பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பெண் பார்க்க வருவதற்கு மறுநாள்தான் கடைசி. சாமி கண் திறந்துவிட்டார் என்று அள்ளிக்கொண்டு வந்தேன்.

அவர்கள் வெள்ளத் தடை நீங்கிய ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையும் கொலைப் பசியுமாக வந்து இறங்கினார்கள். பிரதீப்பின் அப்பா முதல் கிண்ணம் பாயசத்தை மூச்சுவிடாமல் முடித்து இரண்டாவதை வாங்கினார். எங்கள் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு சுற்றுலா வேன் நுழைய முடியாமல் ஹாரன் அடித்தது. காரைத் தள்ளி நிறுத்தப் பிரதீப் வெளியே போனார். விதி விளையாட அவ்வளவு நேரம் போதுமானதாக இருந்தது.

கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் பிரதீப்பின் அம்மா அடுக்களைக்குள் வந்தார். மேடையில் காலிப் பாக்கெட்டுகள் மஞ்சள் ஸ்டிக்கரோடு பல்லிளித்துக்கொண்டு கிடந்தன. மருந்துக்கடைக் கண் அல்லவா, சும்மா இருக்குமா?

"மோளே, இதுக்குக் காலாவதி உண்டோ?"

காலாவதியான சாமானா என்று சம்பந்தி வீட்டம்மா கேட்கிறார்!

"ஐயோ, இல்ல அத்தை! சத்தியமா இதுக்குக் காலாவதி கெடையாது."

அவர் முகம் வெளுத்தது. "காலாவதி இல்லியோ? பாலுக்கோ?"

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். "பாலுக்கு ஏது மதினி காலாவதி? எங்க வீட்டுல எந்தச் சாமானுக்கும் காலாவதி கெடையாது. நாங்க அப்படியாப்பட்ட குடும்பம் இல்ல."

கூடத்திலிருந்து அப்பாவும் தன் பங்குக்குக் குரல் கொடுத்தார். "நெய்யிக்கும் கெடையாது, தங்கச்சி! தைரியமா சாப்பிடச் சொல்லுங்க!"

இதைக் கேட்டதும் பிரதீப்பின் அப்பா இரண்டாவது கிண்ணத்தை ஓசைப்படாமல் கீழே வைத்தார். அவர் கை தானாக வயிற்றுக்குப் போனது. அவர் மனைவிக்குத் தலைவலி வந்தது, மழை வரும்போல் இருந்தது, மலைப்பாதையில் இருட்டிவிடும் என்று தோன்றியது. (அப்போது மத்தியானச் சாப்பாடுகூட ஆகவில்லை.) "விவரம் போனில் பறயாம்" என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார்கள். ஒன்றும் புரியாமல் பிரதீப் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

"ஏ மூதி! ஒன் கூடச் சாமானாலதான் எல்லாம் போச்சு. கோட்டிக்காரி, இன்னைக்காவது முழு விலைக்கு வாங்கித் தொலச்சிருக்கலாம்லா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தேதி முடியலம்மா. நாளைக்குத்தான் முடியுது."

"அத அவியகிட்ட சொல்லுட்டி! எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?"

நான் கட்டிலில் போய்க் குப்புற விழுந்தேன். அழுதேன். அழுகைக்கு நடுவிலும் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அந்த அம்மா ஏன் பயந்தார்? காலாவதி கிடையாது என்றால் நிம்மதியாகத்தானே ஆக வேண்டும்?

அழுது முடிப்பதற்குள் வாசலில் அவர்கள் கார் திரும்பி வந்து நின்றது. பிரதீப் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். இவரும் அழுதிருக்கிறாரே என்று எனக்கு மனசு உருகிவிட்டது. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, ஆள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டிருக்கிறார். புளியறைச் சோதனைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போதுதான் அவர் அம்மா வாயைத் திறந்திருக்கிறார். "அவிடெ ஒரு சாதனத்துக்கும் காலாவதி இல்லியாம். அவரே சத்தியம் செய்யுந்நு!"

"எங்க ஊர்ல காலாவதின்னா, சாமான் எதுவரைக்கும் நல்லா இருக்கும்ங்கற கெடு," என்று பிரதீப் என் அப்பாவுக்கு விளக்கினார். "கெடு இன்னும் இருக்கான்னுதான் அம்மா கேட்டா. நீங்க குடும்பத்தோட நின்னு, பாலு, நெய்யி எல்லாமே கெட்டுப்போனதுதான்னு அடிச்சுச் சொல்லிட்டிய."

நான் சிரிக்கத் தொடங்கும்போது பிரதீப்பின் அம்மா கையை நீட்டினார். "ஆ பாக்கெட் எடுக்கு, மோளே. நான் நோக்கட்டும்."

என் சிரிப்பு அப்படியே நின்றது. பாஷைச் சிக்கல் தீர்ந்தாலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஸ்டிக்கர்தானே? சேமியா பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேதியைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். விலையைப் பார்த்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளெ வரைக்கும் காலாவதி உண்டல்லோ! பின்னெ எந்தா?" என்று சொல்லிவிட்டு, தானே ஒரு கிண்ணம் பாயசம் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கமாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார். "இது எந்தக் கடை?"

ஆவணியில் கல்யாணம் நடந்தது. இப்போது நானும் அந்த மருந்துக்கடையில் உட்கார்ந்து தேதி பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு கல்யாண நாளன்றும் அத்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. என் அம்மா, அப்பா எல்லாரும் வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகு, பந்தியின் அந்தக் கோடியிலிருந்து உரக்கக் கேட்பார்.

"மோளே, உங்க கல்யாணத்துக்குக் காலாவதி உண்டோ?"

உண்டு என்றால் என் அம்மாவுக்கு ஆகாது. இல்லை என்றால் மாமியாருக்கு ஆகாது. நான் பிரதீப்பைப் பார்ப்பேன். அவர் இலையைப் பார்ப்பார்.

"உண்டு அத்தை, நெறைய உண்டு!" என்பேன்.

விஷயம் தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் என் அம்மா பதறிப்போய்க் கத்துவாள்: "நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்தட்டி சொல்லுத, தமிழ்ல சொல்லித் தொலையேன்!"