கரையானுக்கு அபயம்

மனிதகுலம் இதுவரை கூட்டிய கூட்டங்களிலேயே மகத்தானது எங்கள் முனிவர் ஆய்வு மன்றத்தின் அவசரக் கூட்டம்தான். தலைவரான நானே சொல்வதால் இதில் மிகை இருக்க வாய்ப்பில்லை.

எங்கள் முனிவர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த சமணத் துறவி. எறும்பு மிதிபடக்கூடாதென்று மயிற்பீலியால் தரையை வருடிவிட்டு நடந்தவர். இலக்கணம், கணிதம், தர்க்கம் என்று எழுதிக் குவித்தவர். அவர் கையெழுத்தில் மிஞ்சியது ஒரே ஒரு சுவடி. அதைப் பிரித்தே பார்க்காமல் அவருடைய வரலாற்றை எண்ணூறு பக்கத்தில் எழுதினேன் என்றால் என் புலமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் அவரை அரசகுமாரர் ஆக்கியிருந்தேன். அடுத்த மாதம் அதற்காக எனக்குப் பட்டம் தருவதாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் நூலகக் காப்பாளர் அம்மாள் வந்தார். சுவடியில் கரையான் ஏறிவிட்டது, வேறு அலமாரிக்கு மாற்ற வேண்டும் என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“முதல் ஏட்டை மட்டும் படிச்சேன் ஐயா. அவரே தன்னைப் பத்தி எழுதியிருக்கார். அவங்கப்பா செக்கு ஆட்டினவராம்.”

அந்தக் கணமே எனக்குள் கொல்லாமை சுடர்விட்டது.

கூட்டத்தைக் கூட்டினேன். சுவடியை நகர்த்தினால் கரையான் பட்டினி கிடக்கும், பட்டினி போடுவதும் கொலையே என்று கண்கலங்க முழங்கினேன். கரையான்களை ‘வருகைதரு ஆய்வாளர்கள்’ என்று அறிவிக்கலாமே என்றார் பொருளாளர். சுவடிக்குள் ஆழமாகப் புகுந்தவர்கள் நம் மன்றத்தில் அவர்கள் மட்டும்தான் என்று செயலாளர் வழிமொழிந்தார். ஒரு நாள் கொடுத்தால் படமாவது எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மாள் கெஞ்சினார். சாப்பிடுகிறவர்களைப் படமெடுப்பது பண்பாடல்ல என்று மறுத்தோம். தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது.

ஒரே மாதத்தில் சுவடி மண்ணானது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

பட்டமளிப்பு அன்று காலை, கண்ணாடி முன் நின்று அடக்கமாகத் தலைகுனியப் பழகிக்கொண்டிருந்தேன். அம்மாள் வந்து, பக்கத்து அறையில் அடுக்கியிருந்த என் நூல் பிரதிகளிலும் கரையான் என்றார்.

மருந்தடிப்பவர் பறந்து வந்தார். முதுகில் டப்பாவோடு அறைக்குள் எட்டிப் பார்த்து மலைத்துப் போனார்.

“எங்கேயிருந்துங்க வந்துச்சு இவ்வளவும்?”

“முனிவரைச் சாப்பிட்டு முடிச்சிட்டு வந்திருக்கு” என்ற அம்மாள் என் பக்கம் திரும்பினார். “ஐயா, இது கொலையில்லையா?”

கொல்லுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. ‘சீக்கிரம்’ என்று மட்டும்தான் சொன்னேன்.