யார் பேரில் வண்டியோ அவர் கையில் ஸ்டியரிங்

ஆவணி பிறந்ததும் எங்கள் வீட்டில் நான் ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். இனி பெட்ரோலுக்கு என் வாழ்க்கையில் இடமில்லை. எலெக்ட்ரிக் கார்தான். முன்மொழிந்தது நான். வழிமொழிந்ததும் நான். என் மனைவி முத்துமீனா அப்போது தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரி, எடுங்க. இன்னொரு தோசை வைக்கவா?" என்றாள். ஒருமனதாக நிறைவேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் பீமாராவ். பசுமலையில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். ஒரு பொருளைச் சொந்தமாக வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா என்பது வருஷம் தவறாமல் நான் நடத்துகிற பாடம். பழங்காநத்தத்தில் எங்கள் வீடு. பைக்கை எடுத்தால் இரண்டு சினிமாப் பாட்டு முடிவதற்குள் கல்லூரி வந்துவிடும். முத்துமீனா மேலூர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவள் ஒரு பஸ் பிடித்து மாட்டுத்தாவணி போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்து மேலூர் போய், வேலை முடிந்து அதே மாதிரி திரும்பி வருவாள். இதில் கார் யாருக்குத் தேவை என்று நீங்கள் கேட்கலாம். அப்போது என்னிடம் யாரும் கேட்கவில்லை.

எடுப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படி எடுப்பது? பக்கத்து வீட்டு சிஹாபுதீன் பாயிடம் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். போன வருஷமே எலெக்ட்ரிக் கார் வாங்கியவர். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எப்படி பாய்?"

"வண்டிக்கென்ன சாரு? மாஷா அல்லா, பூனை மாதிரி போகுது. நம்ம வண்டி வர்றது நமக்கே கேக்காது."

"அப்ப வாங்கலாம்ங்கிறீங்க."

பாய் துடைப்பதை நிறுத்தினார். "வாங்குறதா? நான் வாங்குனேன். மச்சினனுக்கு நிக்காஹ்னாங்க, வண்டி போச்சு. மச்சினன் பொண்டாட்டிக்குத் தலைப்பிரசவம்னாங்க, வண்டி போச்சு. பிள்ளைக்குப் பேர் வைக்கணும்னாங்க, மறுபடியும் போச்சு. இன்னைக்குத்தான் வந்திருக்கு. அதான் ஆசைதீரத் துடைக்கிறேன். சொந்த வண்டின்னு சும்மா பேருதான் சாரு. அது சொந்தக்காரங்க வண்டி."

எனக்கும் ஒரு மச்சினன் இருக்கிறான்.

அருண்பாண்டி. முத்துமீனாவின் தம்பி. மேலூரில் பந்தல், மைக்செட் போடுகிறவன். நல்ல பையன். சிக்கலே அதுதான். கெட்டவன் என்றால் முடியாது என்று சொல்லிவிடலாம். ஒரு தடவை, "மச்சான், பத்து நிமிசம்" என்று என் பைக்கை வாங்கிக்கொண்டு போனான். வாரக் கடைசியில் திருப்பிக் கொண்டுவந்தான். பின்சீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய தழும்பு. ஹாரன் இருந்த இடத்தில் வேறொரு ஹாரன். அமுக்கினால் நாதஸ்வரம் ஊதியது. மறுநாள் கல்லூரி வாசலில் அதை நான் அடிக்க, எங்கள் முதல்வர், பெண் அழைப்பு ஊர்வலம் வருகிறதென்று நினைத்து ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"லீஸுக்கு எடுத்தா எப்படி பாய்?"

"லீஸுன்னா கம்பெனி வண்டியில்ல சாரு? கம்பெனி வண்டிய யாரு வந்து கேப்பா?"

பாயைக் கட்டிப்பிடிக்காத குறை. நேரே வீட்டுக்கு வந்தேன்.

"மீனா, லீஸுக்கு எடுப்போம்."

"லீஸுன்னா? முன்ன குடியிருந்த வீட்டை ஒத்திக்கு எடுத்தோமே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்ப கடைசியில வண்டியக் குடுத்தா, நாம குடுத்த காசத் திருப்பிக் குடுத்துருவாங்களா?"

"அது... குடுக்க மாட்டாங்க."

"அப்ப வாடகைன்னு சொல்லுங்க."

"வாடகை இல்ல மீனா. லீஸ்."

"மாசாமாசம் கட்டணும். காசும் திரும்பி வராது, வண்டியும் நமக்கில்ல. எங்க ஊர்ல இதுக்கு வாடகைன்னுதான் பேரு."

இத்தனை வருஷத்தில் ஒரு மாணவன்கூட என்னை இந்த இடத்தில் மடக்கியதில்லை. நான் குரலை வகுப்பறைக்கு மாற்றினேன்.

"இங்க பாரு. இது சக்கரம் வச்ச செல்போன். இன்னைக்கு வாங்குறது கொஞ்ச நாள்ல பழசாயிரும். அடுத்தது இன்னும் அதிக தூரம் போகும், இன்னும் வேகமா சார்ஜ் ஏறும். சொந்தமா வாங்கிட்டோம்னா பேட்டரி மங்க மங்க நம்ம மூஞ்சியும் மங்கும். விக்கப் போனா ஒருத்தனும் சீந்த மாட்டான். லீஸுன்னா அம்புட்டுத் தலைவலியும் கம்பெனிக்கு. சர்வீஸு, இன்சூரன்ஸு எல்லாம் அவன் பாடு. காலம் முடிஞ்சா சாவியக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம்."

"அருண்பாண்டி சொந்தமாத்தான் எடுக்கச் சொன்னான்."

"ஏன் சொல்ல மாட்டான்?"

"என்னது?"

"நல்ல புள்ள, ஏன் சொல்ல மாட்டான்னேன். ஆனா அவனுக்கு விவரம் பத்தாது. லீஸ் வண்டியில ஒரு ரூலு இருக்கு மீனா." இந்த இடத்தில் என் நாக்கு என் பேச்சைக் கேட்காமல் தனியாக ஓடத் தொடங்கியது. "வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க மட்டுந்தான் ஸ்டியரிங்கத் தொடணும். மச்சான், மாமன், சித்தப்பன், ஒருத்தரும் தொடக்கூடாது. உள்ளுக்குள்ள கேமரா இருக்கு. வேற மூஞ்சியப் பாத்துச்சுன்னா வண்டி அப்படியே நின்னுரும். போன மாசம் திருமங்கலத்துல ஒருத்தரு வண்டிய அவரு மச்சினன் எடுத்திருக்கான். நடுரோட்டுல நின்னுபோச்சு. கிரேன் வச்சுத் தூக்குனாங்க. மச்சினனையும் சேத்து."

திருமங்கலத்தில் அப்படி யாரும் இல்லை. கிரேனும் இல்லை.

முத்துமீனா என்னை உற்றுப் பார்த்தாள். மாத்திரையை முழுங்கிவிட்டேன் என்று சொல்கிற நோயாளியை நர்ஸுகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"யார் பேர்ல இருக்கோ அவங்க மட்டுமா?"

"அவங்க மட்டும்."

"புருஷன் பொண்டாட்டின்னாலும்?"

"கலெக்டரே வந்தாலும்."

"நல்ல ரூலாத்தான் இருக்கு," என்றாள். "அப்ப லீஸுக்கே எடுங்க."

அன்றைக்கு நான் மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பைபாஸ் ரோட்டு ஷோரூமில் பவதாரிணி என்றொரு பெண் எங்களைக் கவனித்தாள். நான் தேய்மானத்தைப் பற்றி அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் முத்துமீனா புகுந்தாள்.

"ஏம்மா, லீஸுல வருசத்துக்கு எம்புட்டு தூரம் ஓட்டலாம்?"

"நீங்க எடுக்கிற பிளானைப் பொறுத்தது மேடம். கம்மியாவும் இருக்கு, அதிகமாவும் இருக்கு. அளவைத் தாண்டுனா மட்டும் கூடுதலாக் கட்டணும்."

"அப்ப பெருசே போட்டுரும்மா."

நான் சிரித்தேன். "பசுமலைக்குப் போயிட்டு வர எதுக்குப் பெரிய பிளானு? சின்னதே மிஞ்சும்."

"இருக்கட்டுங்க. மிஞ்சுனா மிஞ்சிட்டுப் போகுது."

பிறகு சம்பளக் காகிதங்களைப் பவதாரிணி புரட்டினாள். என்னுடையதைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள். "சார் வேலை வருசா வருசம் புதுப்பிக்கிறது போல. அதுன்னா கம்பெனில நெறையக் கேள்வி கேப்பாங்க. மேடம் கவர்மெண்டு. மேடம் பேர்ல போட்டா உடனே ஆயிரும் சார்."

"தாராளமாப் போடும்மா," என்றேன். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள உன் பேரு என்ன, என் பேரு என்ன?"

சொல்லும்போது என் நெஞ்சு அகலமாகத்தான் இருந்தது. திருமங்கலம், கேமரா, கிரேன், எதுவும் ஞாபகத்தில் இல்லை. நானே கட்டிவிட்ட ரூல்தானே? எனக்கெதற்கு ஞாபகம் இருக்கப்போகிறது? முத்துமீனா கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் நின்று, எங்கெங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினேன்.

வண்டி கைக்கு வருகிற நாள். புதுச்சட்டை போட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டேன். அது பாய் கடையில் எடுத்தது. ஷோரூம் வாசலில் அருண்பாண்டி இரண்டு ஆளுயர மாலைகளோடு முன்னதாகவே வந்து நின்றிருந்தான். வண்டிக்கு மாலை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கம்பீரமாக நடந்துபோய் வலது பக்கக் கதவில் கையை வைத்தேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

"என்ன மீனா? நீ அந்தப் பக்கம் ஏறு."

"நான் எதுக்கு அந்தப் பக்கம் ஏறணும்? வண்டி என் பேர்லயில்ல இருக்கு?"

"பேரு உன்னோடதுதான். ஓட்டப்போறது நான்தானே?"

"ஐயையோ, வேணாங்க. நீங்கதானே சொன்னீங்க? பேர் யாருதோ அவங்க மட்டுந்தான் தொடணும்னு? நடுரோட்டுல நின்னுருச்சுன்னா? உங்களக் கிரேன் வச்சுத் தூக்குனா எனக்குத்தானே அசிங்கம்?"

"அதுக்கு? நீ எப்படி ஓட்டுவே?"

கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். பளபளவென்று புது லைசென்ஸ். அதில் முத்துமீனா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சித்திரையிலருந்து நான்தான் மச்சான் அக்காவுக்குப் பழக்குனேன்," என்றான் அருண்பாண்டி, வாயெல்லாம் பல்லாக. "டூட்டி முடிஞ்சதும் எங்க பந்தல் வேன்ல. அதை ஓட்டுனவங்க ஏரோப்ளேனே ஓட்டலாம். கியரு அப்பப்பக் கையோட வந்துரும்."

நான் வாயைத் திறந்தேன். மீனா, அந்த ரூலு சும்மா சொன்னது, என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அருண்பாண்டி மாலையின் பூவைத் தடவியபடியே தொடர்ந்தான்.

"வர்ற வாரம் கொட்டாம்பட்டியில ஒரு காதுகுத்து மச்சான். வண்டிய ரெண்டு நாளைக்கு வாங்கிட்டுப் போவோம்னு நெனச்சேன். ஆனா ஏதோ ரூலு இருக்காமே? அக்கா சொல்லுச்சு. நெசமா மச்சான்?"

இந்தப் பக்கம் மனைவி. அந்தப் பக்கம் மச்சினன். நடுவில் நான். பொய் என்று சொன்னால் வண்டி கொட்டாம்பட்டிக்குப் போகும். திரும்பி வரும்போது கூரையில் குழாய் ஸ்பீக்கர் இருக்கும். நிஜம் என்று சொன்னால் ஸ்டியரிங் போகும்.

"நெசந்தான் மாப்ள," என்றேன். "ரொம்பக் கண்டிசனு."

சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினேன். மிச்சமிருந்த ஒரு மாலையை அருண்பாண்டி சன்னல் வழியாக என் மடியில் வைத்தான்.

பைபாஸ் ரோடு முடியும்வரை நான் என் பக்கத்துத் தரையை மிதித்துக்கொண்டே வந்தேன். "பஸ்ஸு வருது! ஆட்டோ! ஆட்டோ! மாடு!" முத்துமீனா பஸ்ஸுக்கும் வழி விட்டாள், ஆட்டோவுக்கும் வழி விட்டாள். மாடு மட்டும் தானாகவே ஒதுங்கிக்கொண்டது. வீட்டு வாசலில், பாய் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில், ஒரே திருப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்த இடத்தில் எனக்குப் பைக் நிறுத்தவே இரண்டு முயற்சி வேண்டும்.

"சபாஷும்மா!" என்று பாய் கை தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "சாரு, கண்ணாடி உங்களுக்கு எடுப்பா இருக்கு. அந்தப் பக்கம் வெயிலு நல்லா அடிக்கும்ல?" என்றார்.

அதன்பிறகு தினமும் வண்டி மேலூர் போனது. நான் பசுமலைக்குப் பைக்கில் போனேன். கல்லூரியில் கேட்டார்கள்: "கார் எங்க சார்?"

"சார்ஜுல இருக்கு."

"எப்பக் கேட்டாலும் சார்ஜுலயே இருக்கே சார்?"

"எங்க வீட்ல சார்ஜ் அவங்க கையில சார்."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் முத்துமீனா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துச் சுவரில் சாய்ந்துவிடுவாள். காலெல்லாம் வீங்கியிருக்கும். பேச்சுக் கொடுத்தால், "கொஞ்ச நேரம் விடுங்க," என்பாள். இப்போது நான் வருவதற்கு முன்னாலேயே வந்து டீ போட்டு வைத்திருந்தாள். வழியில் யாரோ வெள்ளரிக்காய் விற்றதாகச் சொன்னாள். நரசிங்கம் பக்கம் யானைமலைமேல் மழை இறங்கியதாகச் சொன்னாள். கூட வேலை பார்க்கிற ஒச்சாயி அக்காவை ஒத்தக்கடையில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்களாம். மேலூர் ரோட்டில் இத்தனை சங்கதி இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அவளுக்கே தெரியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்கு மலை எங்கே தெரியும்?

அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆசைதான் வந்தது. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிற ஆசை. ஒரு சாயங்காலம் அவள் வண்டிக்கு ப்ளக் சொருகிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"மீனா, ஒண்ணு சொல்றேன், கோவிக்கக் கூடாது. அந்த ரூலு இருக்கே... அப்படி ஒரு ரூலே கிடையாது."

"தெரியும்."

"தெரியுமா? எப்ப?"

"ஷோரூமுக்குப் போன அன்னைக்கே அந்தப் புள்ளைகிட்டக் கேட்டேன். வீட்டு ஆளுக யாரு வேணாலும் ஓட்டலாம்னுச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"உங்க பேர்ல போட்டிருந்தா சொல்லியிருப்பேன். என் பேர்லயில்ல போட்டீங்க? பெறகு எதுக்குச் சொல்லணும்?" சிரித்தாள். "சொந்தமா வாங்கியிருந்தா உங்க பேர்லதான் வாங்கியிருப்பீங்க. நீங்க பசுமலைக்குக் காரு, நான் மேலூருக்கு பஸ்ஸு. யோசிச்சுப் பாத்தேன். லீஸுதான் நல்லதுன்னு நீங்க சொன்னது சரியாத்தான் பட்டுச்சு. அந்தத் திருமங்கலத்து கிரேன் ரொம்ப நல்லாயிருந்துச்சுங்க. டூட்டியில எல்லாருக்கும் சொன்னேன்."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? "அப்ப ஞாயித்துக்கிழமை நான் ஓட்டட்டுமா?"

"தாராளமா ஓட்டுங்க. யாரு வேணாங்குறா? லைசென்ஸ் இருக்குல்ல?"

"என்ன கேள்வி இது? நீ எடுத்தது நேத்து. நான் காலேஜ் படிக்கும்போதே எடுத்தவன்!" பர்ஸைத் திறந்து, ஓரம் நைந்துபோன என் அட்டையை எடுத்து நீட்டினேன்.

முத்துமீனா அதை விளக்குக்கு நேரே பிடித்தாள். என் போட்டோவைப் பார்க்கவில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிக் காலாவதித் தேதி தேடுகிற அதே கை, அதே கண்.

"முந்தாநேத்தோட முடிஞ்சுபோச்சேங்க," என்றாள். "இதுல பைக்கும் சேத்துத்தானே போட்டிருக்கு?"

மறுநாள் பசுமலைக்கு டவுன்பஸ்ஸில் போனேன். நின்றுகொண்டேதான்.