பனிமலை ராஜாங்கம் விற்ற பியட் கார்

மரக்காணம்
2.5.2006

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் தட்சணாமூர்த்தி அவர்களுக்கு, ராஜாங்கம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை தையல்நாயகியும் நலம். பிலாயில் தாங்கள் குடும்பத்தோடு நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, இதைப் படித்து முடித்த பிறகும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் மகள் கலைமதியின் நிச்சயதார்த்தத்துக்கு அப்பாவின் பழைய பியட் காரில்தான் போவேன் என்று எழுதியிருந்தீர்கள். என்னை நம்பி விட்டுப்போன அந்தக் கார் நலம் என்று ஆறு மாதமாக நான் எழுதியதெல்லாம் பொய். இப்போது அதில் என்ஜினும் சீட்டும் அடைகாக்கும் கோழி ஒன்றும்தான் இருக்கின்றன.

பிரவுசிங் சென்டர் வினோதினிதான் ஆரம்பித்துவைத்தாள். "அண்ணே, பழைய கார்னா உசுரையே வுடுறவங்க நெட்ல குரூப் வச்சிருக்காங்க. ஒரு ஹாரனைப் போட்டுத்தான் பாரேன்" என்றாள். பளிச்சென்று விழட்டுமே என்று ஹாரனை நம் உப்பளத்துக் குவியல் மேல் வைத்துப் போட்டோ எடுத்தேன். மறுநாளே பதினேழு பேர், "சார், அது எந்த ஊர்ப் பனி?" என்று கேட்டுவிட்டார்கள். பனி ஊர்க் காரில் துரு ஏறாதாம். முப்பது வருஷமாக உப்பு வாருகிறேன், ஒருத்தன் என்னை சார் என்றதில்லை மச்சான். அந்த மயக்கத்தில், "ஆமாம், ரொம்பக் குளிர்" என்று பதில் போடச் சொல்லிவிட்டேன். வினோதினி நெட்டில் எனக்குப் பனிமலை என்று பெயரே வைத்துவிட்டாள்.

அந்தக் குரூப்பில் ஸ்டியரிங் சிங்கம் என்று ஒரு ரசிகர். எங்கோ வடக்கே இருக்கிறார், விலாசமெல்லாம் வினோதினி பாடு. ஹாரனை வாங்கினார், ஹெட்லைட்டை வாங்கினார், பம்பர், ஸ்டியரிங், நாலு கதவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். துரு இருந்த இடத்தில் பெயின்ட் அடித்து அனுப்பினேன். பார்சல் ஏன் புதுச்சேரியிலிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டார். பனியில் எங்கள் ஊருக்கு லாரி ஏறாது, நாங்களே கீழே இறங்கிவந்து போடுகிறோம் என்றேன். நம்பிவிட்டார், தங்கமான மனுஷன். அவருடைய அப்பாவின் கார் ஏதோ கடலோரத்தில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறதாம். அந்த ஆளுக்குப் பொறுப்பு போதாது, வண்டி உப்புக்காற்றில் வீணாகியிருக்கும், சொல்லாமல் கொண்டுபோய் எல்லாவற்றையும் மாட்டி அசத்தப்போகிறேன் என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்படிப்பட்ட சொந்தக்காரனை வீட்டு வாசலில் சேர்க்காதீர்கள் என்று நானே புத்தி சொன்னேன்.

இப்போது அவர் பனியைப் பார்க்க ஸ்வெட்டர் வாங்கிவிட்டாராம், பன்னிரண்டாம் தேதி புதுச்சேரியில் இறங்குகிறார். நீங்களும் அதே பன்னிரண்டாம் தேதி வருகிறீர்கள். இந்த மே மாச வெயிலில் நான் அவருக்குப் பனியைக் காட்டுவேனா, உங்களுக்குக் காரைக் காட்டுவேனா? தையல்நாயகியிடம் சொன்னதற்கு, "எங்கண்ணன் திரும்பிப் போற வரைக்கும் உப்பளத்துலயே படுத்துக்குங்க, வூட்டுப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

மாமா அந்தக் காரில்தான் எங்களைக் கல்யாணத்துக்கு அழைத்துப்போனார். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம். ஆட்டோவில் போக நேர்ந்தாலும் கலைமதி நூறு வருஷம் நன்றாக இருக்க ஆசிகள்.

தலைகுனிந்து நிற்கும்,
ராஜாங்கம்

பின்குறிப்பு: உறையில் உங்கள் விலாசத்தை இங்கிலீஷில் எழுத வினோதினியிடம் கொடுத்தேன். "ஏண்ணே, இந்த வூட்டுக்குத்தான் ஏற்கெனவே பதினோரு பார்சல் போட்டிருக்கேனே! சிங்கத்தோட விலாசம்ணே இது" என்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாமாவின் கார் பத்திரமாக உங்களிடம்தான் இருக்கிறது, வரும்போது மறக்காமல் கொண்டுவரவும். பொறுப்பு போதாத சொந்தக்காரன் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஸ்பேனரோடு நிற்பான். ஸ்வெட்டர் வேண்டாம்.